ஒடியல் மாவில் காணாமற்போன சிலுவைகள்

1. கூழ் தடிக்கவில்லை

கொழும்பிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்போடு அந்த வாரம் தொடங்கியது. அழைத்தவர் குணசீலன். எங்கள் பக்கத்து ஆள்தான். கொழும்பில் இருந்துகொண்டு வடக்கின் உணவுப்பொருட்களை வாங்கி, வெளிநாடுகளில் உள்ள தமிழ்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் உணவு மாதிரிகளைப் பரிசோதிக்கும் ஒரு சிறிய ஆய்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்சக் காலமே இருந்தது.

தென்மராட்சியில் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்திடம் வாங்கி அனுப்பிய ஒடியல் மா பற்றி முறைப்பாடு வந்திருப்பதாக அவர் சொன்னார். ரொறன்ரோவில் ஒரு பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குப் பெரிய பானையில் கூழ் காய்ச்சியிருக்கிறார்கள். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய் எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்து, ஊறவைத்த ஒடியல் மாவைக் கடைசியில் கரைத்து விட்டிருக்கிறார்கள். கூழ் தடிக்கவேயில்லை. ரசம்போல ஓடியிருக்கிறது. அடுத்தடுத்து வேறு வீடுகளிலிருந்தும் அதே கதை வந்ததாம். மாவை ஊறவிட்டால் அடியில் படிவதில்லை, தண்ணீரே வழுவழுத்துப் போகிறது என்றார்களாம்.

இதை வாசிக்கும் இளையவர்களில் சிலருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். பனங்கிழங்கைக் கிழித்து, அவிக்காமல் காயவைத்தால் அது ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். புழுக்கொடியல் சும்மா கடித்துத் தின்ன நல்லது. கூழுக்கு ஒடியல் மாதான் வேண்டும். பச்சை மாப்பொருள் சூடான கூழில் விழுந்து, அங்கேயே வீங்கி வெந்தால்தான் கூழ் தடிக்கும். முன்பே வெந்துபோன மா இரண்டாவது தடவை அந்த வேலையைச் செய்யாது.

குணசீலனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவருடைய சந்தேகமும் அந்தப் பக்கமே போயிருந்தது.

“மிஸ், உவை விக்காமல் கிடந்த புழுக்கொடியலை இடிச்சுக் கலந்து போட்டினம். இல்லாட்டி மரவள்ளி மா. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் அந்தச் சங்கத்தோடை கதைக்க மாட்டன்.”

மாதிரிப் பொதி ஏற்கெனவே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது.

அது வந்து சேர்ந்த அன்றே சங்கத் தலைவி பரமேஸ்வரியும் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த, உயரமான பெண். குரலை உயர்த்தாமல் கதைப்பவர். தங்கள் களஞ்சியத்தில் அதே தொகுதியில் மிஞ்சியிருந்த மாவில் ஒரு பையைத் தானே கொண்டுவந்திருந்தார். சங்கத்தில் இருப்பவர்களில் பலர் தனியாக வீட்டைக் கொண்டுநடத்துகிற பெண்கள் என்றும், ஊருக்குள் இப்போதே ‘மாவிலை கள்ளம் செய்தவை’ என்று கதை போகிறதென்றும் சொன்னார். இரண்டு பேர் சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்களாம். பிறகு நேரடியாகவே கேட்டார்.

“நாங்கள் ஒண்டும் கலக்கேல்லை, மிஸ். சுத்தமான மா எண்டு எழுதித் தாங்கோ.”

பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதுகிறேன் என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

2. ஒரு துளி தண்ணீர், ஒரு சிட்டிகை மா

எங்கள் வேலையின் அடிப்படையை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தாவரங்கள் தங்கள் உணவை மாப்பொருளாகச் சேர்த்து வைக்கின்றன. அவற்றின் உடலை ஆக்கும் நுண்ணிய கலங்களுக்குள் அதற்கென்று நிறமற்ற உருமணிகள் இருக்கின்றன. இலையில் இருக்கும் பச்சையுருமணியின் குடும்பம்தான், ஆனால் வெளிச்சம் படாத கிழங்கிலும் விதையிலும் இருந்து வேறு வேலை பார்ப்பவை. ஆய்கூடத்தில் நாங்கள் அமைலோபிளாஸ்ட் என்றே சொல்லுவோம். அதற்குள் மாப்பொருள் படை படையாகப் படிந்து மணியாகிறது. அந்த மணியின் உருவம் தாவரத்துக்குத் தாவரம் வேறு. உருளைக்கிழங்கில் சிப்பிபோல வரிகள் தெரியும். மரவள்ளியில் ஒரு பக்கத்தைக் கத்தியால் சீவிவிட்டதுபோலத் தட்டையாக இருக்கும். கோதுமையில் பெரிய வட்டத் தட்டுகளும் அவற்றைச் சுற்றிப் பொடி மணிகளும். அரிசியில் மிகச் சிறிய, பல கோணம் கொண்ட மணிகள். பனங்கிழங்கில் நீண்ட முட்டை வடிவம். மாவாக அரைத்தாலும், பொதிசெய்து கடல் கடந்து அனுப்பினாலும் இந்த உருவம் மாறாது. அதனால் எந்த மாவில் எது கலந்தாலும் நுணுக்குக்காட்டியில் பிடிபடும்.

நான் இதைப் படித்தது மின்சாரமும் இல்லாத, பாதிச் சாமான்கள் ஊருக்குள் வரவும் முடியாத ஒரு காலத்தில். பாடசாலையில் இருந்த ஒரேயொரு நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி வைத்துப் பார்ப்போம். அயடீன் தீர்ந்தபோது எங்கள் ஆசிரியை மிஷன் டிஸ்பென்சரிக்குப் போய், காயத்துக்குப் பூசுகிற போத்தலில் கொஞ்சம் வாங்கி வந்தார். உருளைக்கிழங்கின் மெல்லிய சீவலில் அந்த அயடீன் பட்டதும், வெறும் கண்ணாடிபோலத் தெரிந்த கலங்களுக்குள் நீலக்கறுப்பு மணிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. பின்னால் நின்றவர்கள் தள்ளும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. என்ன வேலைக்குப் போகவேண்டும் என்று அன்று தெரிந்துவிட்டது. அதே வேலைக்குத்தான் போனேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

பரமேஸ்வரி கொண்டுவந்த மாவையும் குணசீலன் அனுப்பிய மாவையும் தனித்தனி ஸ்லைட்டில் இட்டு, அயடீன் விட்டேன். என்னோடு வேலை செய்தவர் ஜனனி. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முடித்து வந்த கெட்டிக்காரி. இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். மரவள்ளி இல்லை. கோதுமை இல்லை. அரிசி இல்லை. ஸ்லைட்டுக்கு மேல் ஸ்லைட்டாக இட்டும் பனங்கிழங்கின் மணிகளைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. ஜனனிக்குச் சந்தோசம். அறிக்கையை எழுதி முடிப்போமா என்று கேட்டார்.

எனக்கு அந்த வழுவழுத்த தண்ணீர் மனதில் நின்றது. அதோடு, மணிகளுக்கு நடுவே உருவமில்லாத கட்டிகள் நிறையத் தெரிந்தன. ஒளியை ஒரே தளத்தில் மட்டும் கடக்கவிடும் போலரைஸரைப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

எங்களிடம் விலையுயர்ந்த கருவி இருக்கவில்லை. பழைய கல்குலேற்றர்களின் திரையில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரித்து, ஒன்றை ஸ்லைட்டின் கீழும் மற்றதைக் கண்வில்லையின் மேலும் வைத்துச் சரிசெய்தவர் ஜனனிதான். அது நன்றாகவே வேலை செய்தது. இரண்டு தாள்களையும் குறுக்காகத் திருப்பினால் பார்வைப்புலம் முழுக்க இருண்டுவிடும். பச்சை மாப்பொருள் மணி மட்டும் அந்த இருட்டில் வெள்ளையாக ஒளிரும், அதன் நடுவே ஒரு கறுப்புச் சிலுவை தெரியும். மணிக்குள் மாப்பொருள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதன் அடையாளம் அது. மணி தண்ணீரோடு சேர்ந்து வெந்துவிட்டால் அடுக்குக் குலைந்துவிடும். சிலுவையும் போய்விடும், ஒளியும் போய்விடும். திரும்ப வராது.

நான் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிகள் ஒளிர்ந்தன. மற்ற இடமெல்லாம் இருட்டு. அயடீன் போட்டபோது நீலக்கறுப்பாக நிறைந்திருந்த அதே இடம்.

கதிரையை ஜனனிக்கு விட்டேன். அவரும் பார்த்துவிட்டு அறிக்கைத் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார். குணசீலன் சொன்னது சரிபோலத்தான் இருந்தது. புழுக்கொடியலும் பனங்கிழங்குதான். அதைக் கலந்தால் வேறு தாவரத்தின் மணி தெரியாது, சிலுவையில்லாத மணிதான் தெரியும்.

3. இரண்டு வசனங்கள்

அறிக்கையில் எழுத இரண்டு வசனங்கள் இருந்தன. பிற தாவரங்களின் மாப்பொருள் காணப்படவில்லை என்பது ஒன்று. மாப்பொருள் மணிகளில் பெரும்பகுதி வெந்த நிலையில் உள்ளது என்பது மற்றது. இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் எழுதினால் பரமேஸ்வரி கேட்டது கிடைத்துவிடும். இரண்டாவதையும் எழுதினால் சங்கம் அன்றோடு முடிந்துவிடும்.

கலப்படமா என்றுதானே கேட்டார்கள், இரண்டாவது வசனம் தேவையா என்று ஜனனி கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்காகத்தான் கேட்டார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் கூழ் தடிக்கவில்லை என்பதும் உண்மை. அதை மறைக்கிற அறிக்கையை வைத்து அடுத்த பொதியை அனுப்பினால், அடுத்த பானையும் தண்ணீராகத்தான் ஓடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்களை ஒருவரும் நம்பமாட்டார்கள், எங்கள் ஆய்கூடத்தையும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. புழுக்கொடியல் மாவும் ஒடியல் மாவும் கலந்த கலவை என்றால் நன்றாக ஒளிரும் மணிகள் ஒரு பக்கம், முழுக்க இருண்டவை மறுபக்கம் என்று இரண்டு கூட்டமாகத் தெரியவேண்டும். இங்கே இடைநடுவில் நின்ற மணிகள் நிறைய இருந்தன. சிலுவை மங்கியவை, பாதி வீங்கி மற்றப் பாதி மட்டும் ஒளிர்பவை. இவை எப்படி வந்தன என்பதற்கு மாவில் விடை இல்லை. மா அரைபட்டு எல்லாம் கலந்துபோன பொருள். முழுத் துண்டைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

குணசீலன் மறுநாளும் அழைத்தார். பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றேன். ‘என்ன மிஸ், ஒரு சொல்லுத்தானே’ என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் இன்னும் பார்க்கவேண்டியது இருக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

4. தறப்பாள்

ஜனனியும் நானும் தென்மராட்சியிலுள்ள கொடிகாமத்துக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோவில் போனோம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சங்கத்தின் வளவு பனங்காணிகளுக்கு நடுவே இருந்தது. கொட்டிலுக்குள் பெண்கள் கிழங்கைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் கைகள் நின்றன.

பரமேஸ்வரி வாசலிலேயே நின்று கேட்டார்.

“என்ன மிஸ், பிடிக்க வந்தனீங்களோ?”

இல்லை, விளங்கிக்கொள்ள வந்தோம் என்றேன். தொலைபேசியில் எடுத்திருந்த படத்தைக் காட்டினேன். ஒளிர்வது பச்சை மா, இருண்டது வெந்த மா என்று விளக்கினேன். உங்கள் மாவில் வெந்தது நிறைய இருக்கிறது, இதை நான் எழுதாமல் விட முடியாது, ஆனால் எப்படி வந்தது என்று தெரியாமலும் எழுத விரும்பவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். மற்றப் பெண்களும் வந்து சுற்றி நின்றார்கள்.

அவர் படத்தையே கனநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. இடுப்பில் செருகியிருந்த திறப்புக்கோர்வையை எடுத்து என் கையில் வைத்தார்.

“இந்த வளவுக்குள்ளை நாங்கள் கிழங்கு அவிக்கிறேல்லை. அவிக்கிற அண்டாவே இல்லை. எல்லா அறையையும் நீங்களே திறந்து பாருங்கோ. நான் கூட வரமாட்டன்.”

நாங்கள் பார்த்தோம். களஞ்சிய அறை, இடிக்கும் மெசின் இருந்த அறை, பொதிசெய்யும் அறை. புழுக்கொடியல் ஒரு துண்டும் இல்லை. ஆனால் கடைசிக் கொட்டிலில், நான் எதிர்பார்க்காத ஒன்று நின்றது. ஆளுயரத்தில் ஒரு பெரிய தகரப் பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாகக் கிழங்கு. பக்கத்தில் சிரட்டை எரியும் அடுப்பு, சூட்டுக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி. அந்தப் பருவத்தில் மழை ஓயாததால் ஒரு உதவித் திட்டத்தில் கிடைத்த ட்ரையர் என்றும், முறைப்பாடு வந்த மாவின் கிழங்கும் இதில்தான் காய்ந்தது என்றும் சொன்னார்கள். பெட்டியின் உச்சியில் ஈரக்காற்று போவதற்கு ஒரு திறப்பு இருந்தது. அதன்மேல், மழைக்கு மூடும் நீலப் பிளாஸ்டிக் தறப்பாள் ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே ஒழுகியதால் தாங்கள்தான் கட்டியதாக ஒருவர் சொன்னார்.

தட்டிலிருந்து காய்ந்த ஒடியல் ஒன்றை எடுத்து முறித்தேன். ஓரம் வெள்ளையாக, சுண்ணாம்புபோல இருந்தது. நடுப்பகுதி மஞ்சளோடிப் பளபளத்தது, கண்ணாடித் துண்டுபோல. மழைக்கு முன்பு வெயிலில் காயவைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவர் தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பிடி கொண்டுவந்தார். அதை முறித்தபோது ஓரத்திலிருந்து நடுவரை ஒரே வெள்ளை.

இரண்டிலும் மாதிரி எடுத்துக்கொண்டேன். திறப்புக்கோர்வையைப் பரமேஸ்வரியிடம் கொடுத்தபோது, நீங்கள் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், ஆனால் நினைப்பதை அறிக்கையில் எழுத ஏலாது, காட்டவேண்டும் என்றேன். அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

5. வெட்டுமுகம்

வரும் வழியில் யாழ்ப்பாணம் சந்தையில் புழுக்கொடியலும் வாங்கிக்கொண்டோம். ஒப்பிட அது வேண்டும்.

காய்ந்த ஒடியல் கல்லுப்போல இருக்கும். அதை மெல்லியதாகச் சீவுவது எளிதல்ல. வெந்நீரில் போட்டு மென்மையாக்கவும் கூடாது, சூட்டில் மணி வெந்துவிட்டால் சாட்சியமே அழிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரும் கிளிசரினும் கலந்து, அதில் துணியைத் தோய்த்துத் துண்டுகளைச் சுற்றி வைத்துப் பதமாக்கினோம். பிறகு புது பிளேட்டால், துண்டின் ஓரத்திலிருந்து நடுவரை ஒரே சீவலாக வரும்படி வெட்டினேன். பலது கிழிந்துபோனது. பலது தடித்துப்போனது. ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக ஒன்று பிளேட்டில் ஒட்டிக்கொண்டு வந்தபோது, என் கைக்கு இன்னும் வேலை தெரியும் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன்.

முதலில் சந்தையில் வாங்கிய புழுக்கொடியல். போலரைஸரின் கீழ் ஓரமும் இருட்டு, நடுவும் இருட்டு. அவித்த கிழங்கு அப்படித்தான் இருக்கவேண்டும். கொதிநீர் வெளியிலிருந்து உள்ளே போய் எல்லாவற்றையும் வேகவைத்துவிடும்.

அடுத்து வெயிலில் காய்ந்தது. ஒவ்வொரு கலமும் நிறைய மணிகள். மாவில் தனித்தனியாகப் பார்த்தவை இங்கே தாம் விளைந்த இடத்திலேயே, கலச்சுவருக்குள் அடைந்து கிடந்தன. எல்லாம் ஒளிர்ந்தன. எல்லாவற்றிலும் சிலுவை.

மூன்றாவது, ட்ரையரில் காய்ந்தது. ஓரத்தில் தொடங்கினேன். அங்கே கலங்கள் ஒளிர்ந்தன, சிலுவைகள் தெளிவாக இருந்தன. ஸ்லைட்டை மெல்ல நகர்த்தினேன். சில வரிசைகள் தாண்டியதும் சிலுவைகள் மங்கத் தொடங்கின. ஒரே கலத்துக்குள் ஒரு மணி ஒளிர்ந்தது, பக்கத்து மணி வீங்கி இருண்டிருந்தது. மாவில் என்னைக் குழப்பிய அந்த இடைநடுவு மணிகள் இவைதான். இன்னும் நகர்த்தினேன். நடுப்பகுதியில் கலங்கள் முழுக்கக் கூழாகிப் பிதுங்கி நின்றன. ஒளியே இல்லை.

ஜனனியைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் பார்க்கவிட்டேன். அவர் ஸ்லைட்டை ஓரத்திலிருந்து நடுவுக்கும், நடுவிலிருந்து ஓரத்துக்கும் நகர்த்தினார். பிறகு நிமிர்ந்தார்.

“அக்கா, இது உள்ளுக்கையிருந்து வெந்திருக்கு.”

அதுதான் விடை. எந்த அண்டாவில் அவித்தாலும் கிழங்கு ஓரம் பச்சையாகவும் நடு வெந்தும் இருக்காது. ட்ரையரின் சூடு மிக அதிகம். ஈரக்காற்று போக வழியில்லை. துண்டின் ஓரம் சீக்கிரம் காய்ந்து தப்பிவிட்டது. நடுவில் கிழங்கின் சொந்த ஈரம் அடைபட்டு, அந்த ஈரத்திலேயே அது வெந்துவிட்டது. பிறகு வெந்ததே காய்ந்தது. ஒருவரும் எதையும் கலக்கவில்லை.

மூன்று வெட்டுமுகங்களையும் படமெடுத்து ஒரே தாளில் வரிசையாக வைத்தோம். என் பணிக்காலத்தில் எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்திட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாகத் தானே கதைத்த ஒரு தாள் எனக்குக் கிடைத்ததில்லை.

6. மெசினைப் பொருத்தியவர்

அந்த ட்ரையரைப் பொருத்திக் கொடுத்தவர் துஷ்யந்தன் என்ற இளம் பொறியியலாளர். கொக்குவில் பொடியன். நான் அழைத்ததும் மோட்டார்சைக்கிளில் ஆய்கூடத்துக்கு வந்தார். முதலில் நம்பவில்லை. மிளகாய்க்கும் முருங்கையிலைக்கும் இதே மெசினைக் கொடுத்திருக்கிறேன், ஒருவரும் குறை சொல்லவில்லை, மீற்றரில் சூடு சரியாகத்தான் காட்டுகிறது என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. மிளகாயில் மாப்பொருள் இப்படி அடைந்து கிடப்பதில்லை. அது வெந்தாலும் வேகாவிட்டாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நான் வாதாடவில்லை. நுணுக்குக்காட்டியின் முன் இருத்தினேன். அவர் பார்த்த விதம் எனக்குப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவை பார்த்துவிட்டு எழும்பவில்லை. ஓரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் சிலுவை மறைகிறது என்று கேட்டார், அதை வைத்து உள்ளே எவ்வளவு சூடு ஏறியிருக்கும் என்று யோசித்தார். பிறகு, மீற்றர் காற்றின் சூட்டைத்தான் காட்டுகிறது, கிழங்கின் சூட்டை நான் ஒருநாளும் அளக்கவில்லை என்று தானாகவே சொன்னார்.

அடுத்த நாளே தென்மராட்சிக்குப் போய், கிழங்குத் துண்டுக்குள் ஊசிபோன்ற வெப்பமானியைச் செருகி அளந்தார். நாங்கள் நினைத்தது சரியாக இருந்தது. தறப்பாளை அவிழ்த்தார். மழை ஒழுகாமலும் ஈரக்காற்று தடைபடாமலும் இருக்க, உச்சித் திறப்புக்கு மேலே உயர்த்தி ஒரு தகரக்கூரை அடித்தார். ஆனால் அதோடு பிரச்சினை தீரவில்லை. முதல் முயற்சியில் எடுத்த துண்டிலும் நடுவில் சிறிய இருட்டு மிஞ்சியது. சூட்டைக் குறைத்தால் கிழங்கு காயமுன் பூஞ்சணம் பிடித்தது. அந்தத் தொகுதி முழுக்கக் கொட்டவேண்டி வந்தது. அதைக் கொட்டியபோது ஒரு பெண் அழுதார். 

வழியைக் கண்டுபிடித்தது பரமேஸ்வரியும் துஷ்யந்தனும் சேர்ந்து கதைத்தபோதுதான். கிழங்கை இன்னும் மெல்லியதாகக் கிழித்தால் என்ன என்று பரமேஸ்வரி கேட்டார். முதலில் சூடில்லாமல் விசிறிக் காற்றை மட்டும் விட்டு ஈரத்தைக் குறைத்து, பிறகு சூட்டைக் கூட்டலாம் என்று துஷ்யந்தன் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். துண்டுகள் ஆய்கூடத்துக்கு வந்தன. நான் சீவினேன். ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போனேன். சிலுவைகள் மறையவில்லை. நடுவையும் தாண்டி மறு ஓரத்துக்கு வந்துவிட்டேன். ஒளி ஓரிடத்திலும் மங்கவில்லை.

பரமேஸ்வரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். ‘ஓம்’ என்று ஒரு சொல்தான் வந்தது. பிறகு அந்தப் பக்கத்தில் பல பெண்கள் ஒரே நேரத்தில் கதைக்கும் சத்தம் கேட்டது.

7. முதலில் அதைச் சொல்லுங்கோ

அறிக்கையை அனுப்பியதும், குணசீலனோடு எல்லாரும் ஒன்றாகக் கதைப்பது என்று ஏற்பாடானது. அவர் கொழும்பிலிருந்து திரையில் வந்தார். நாங்கள் சங்கத்தின் கொட்டிலில் மடிகணினி முன் இருந்தோம். மூன்று வெட்டுமுகங்களையும் காட்டி நான் விளக்கினேன். இரண்டு வசனங்களையும் வாசித்தேன். இப்போது அவற்றின் கீழே மூன்றாவதும் இருந்தது: வெந்த நிலைக்குக் காரணம் உலர்த்தும் முறை, கலப்படம் அல்ல.

குணசீலன் புத்திசாலி. விளங்கிக்கொண்டார். ஆனாலும் வியாபாரி, ஒருவர்மேல் பிழை இருக்கத்தானே வேண்டும் என்பதுபோலக் கேட்டார். துஷ்யந்தன் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

“அண்ணை, பிழை கிழங்கிலையும் இல்லை, இவையிலையும் இல்லை. மெசினை எப்பிடிப் பாவிக்கிறதெண்டு சொல்லிக் குடுத்தது நான். அது என்ரை பிழை.”

அவருக்கு வேறு வேலைகளும் அந்த மெசினை நம்பித்தான் இருந்தன. அப்படியிருந்தும் சொன்னார். படித்தவர் ஒருவர் இப்படிப் பலர் முன்னால் சொல்வதை நான் என் காலத்தில் அதிகம் பார்க்கவில்லை.

குணசீலன் சரி என்றார். புது மாவை எப்போது அனுப்பலாம் என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் பரமேஸ்வரியைப் பார்த்தார்கள். உடனே ஒப்புக்கொள்வார் என்றுதான் நானும் நினைத்தேன்.

“மா அனுப்புறம். அதுக்கு முதல், நாங்கள் கள்ளம் செய்யேல்லை எண்டு அந்தக் கடைக்காரர் எல்லாருக்கும் நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே கலப்படம் எண்டு அவைக்குச் சொன்னனீங்கள். சொன்னாப் பிறகு மா வரும்.”

 ‘நியாயம்தான், அக்கா’ என்றார் குணசீலன். ஒவ்வொரு கடைக்கும் எங்கள் தாளின் படத்தோடு செய்தி அனுப்பினார். அதன் பிரதியைப் பரமேஸ்வரிக்கும் அனுப்பினார். மா அதற்குப் பிறகுதான் போனது. சங்கத்தை விட்டுப்போன இருவரும் திரும்பி வந்தார்கள். அவர்களை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டதாக அறிந்தேன்.

8. இப்போது

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆய்கூடத்தை ஜனனி பொறுப்பேற்றிருக்கிறார். பருவம் தொடங்கியதும் சங்கத்திலிருந்து துண்டுகள் வரும், அவர் சீவிப் பார்ப்பார். என்னைவிட மெல்லியதாகச் சீவுகிறார். சங்கத்துப் பெண்களும் தட்டிலிருந்து எடுத்ததை முறித்துப் பார்த்து, நடுவில் பளபளப்பு இருந்தால் தாங்களாகவே ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆய்கூட வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பார்த்ததை எழுதுங்கள், பாதியை மறைக்காதீர்கள். ஆனால் பார்த்தது ஒரு ஆளைக் குற்றவாளியாக்கும் என்று தெரிந்தால், எழுதமுதல் இன்னொரு தடவை பாருங்கள். மாதிரிப் பையோடு நிற்காமல், அந்த மாதிரி எங்கே விளைந்தது, எங்கே காய்ந்தது என்று எழும்பிப் போய்ப் பாருங்கள். உண்மை பெரும்பாலும் ஸ்லைட்டில்தான் இருக்கும். எந்தத் துண்டை வெட்டி ஸ்லைட்டில் வைப்பது என்பதை ஆய்கூடத்துக்கு வெளியே போனால்தான் கண்டுபிடிக்கலாம்.

அண்மையில் கொடிகாமம் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது சங்கத்துக்கும் போனேன். வெளிநாட்டிலிருந்து யாரோ பார்வையிட வந்திருந்தார்கள். அலுவலகச் சுவரில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், கடைசியாக நாங்கள் எடுத்த வெட்டுமுகத்தின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். இருண்ட பின்னணியில் ஓரத்திலிருந்து ஓரம்வரை வெள்ளை மணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை. அது என்ன என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் பரமேஸ்வரி எழும்பிப் போய்ப் படத்தின் நடுவில் விரலை வைத்தார்.

“இது கிழங்கின்ரை நடு. இந்த இடம்வரைக்கும் பச்சை மா. எங்கடை மா.”

நான் பின்னால் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.